வெள்ளையம்மா ஒட்டிய சிவப்பு அம்பு

சூனியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த மரப்பொந்தை அடைத்தது வெள்ளையம்மா இல்லை. அடைக்க வேண்டுமென்றால் அவள் ஐந்தாவது மாடியிலிருந்து எழுபத்திரண்டு படி இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், முனியாண்டி கோயிலின் தகரக் கூரைக்கும் மேலே ஏறியிருக்க வேண்டும். அதுவும் இரும்புத் தகடு வைத்துத் தைத்த காலோடு. பதினான்கு மாதமாக மாடியைவிட்டு இறங்காதவள் மரம் ஏறினாள் என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ தெரியவில்லை. பறந்து போயிருப்பாள் என்று ஒருத்தி சொன்னாளாம். பறக்கத் தெரிந்தவள் எதற்காக மகள் வாங்கி வரும் ரொட்டிக்குச் சாயங்காலம் முழுக்கக் காத்துக் கிடக்கிறாள்? அதைக் கேட்டால் மட்டும் பதில் வராது.

அதற்கு முன்னால் வேறொரு பேச்சு இருந்தது. எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் பெண்களைப் படம் பிடிக்கிறாள் என்று. அவள் ஜன்னல் எதிர் பிளாக்கைப் பார்த்ததே இல்லை, பின்பக்கத்துக் காட்டைப் பார்த்தது. அதற்கும் முன்னால், கால் எப்போதோ சரியாகிவிட்டது, வேலைக்குப் போகச் சோம்பல் என்று. சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாயில் அந்த அடுக்குமாடி பிளாட்டில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் ஒன்பது வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ஒரு ஜன்னலில் எந்நேரமும் ஒரு தலை தெரிந்தால் அதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்க ஐந்து மாடி ஏற வேண்டுமே, அதற்கு யாருக்கு மூச்சு இருக்கிறது?

வெள்ளையம்மா என்ன வேலை பார்த்தவள் என்று தெரிந்திருந்தால் பாதிப் பேச்சு கிளம்பியே இருக்காது. பாசிர் கூடாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் அவளுக்கு ஒரே வேலை, பார்ப்பது. லைனில் வரும் சர்க்யூட் போர்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, எந்தக் கம்பியாவது வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் அந்த இடத்தில் அரிசியளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, சீட்டில் போர்டு நம்பரையும் நேரத்தையும் குறித்து, ரிஜெக்ட் கூடையில் போட வேண்டும். குறை இருக்கிறது என்று வாயால் சொன்னால் அங்கே யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அம்பு எங்கே என்பார்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டவள் அவள். எழுத்தில் கொஞ்சம் தகராறு உண்டு, எண்ணிலும் நேரத்திலும் தகராறே கிடையாது. அவள் அம்பு ஒட்டிய போர்டு ஒன்றுகூட, இது நல்ல போர்டுதான் என்று திரும்பி வந்ததில்லை. சூப்பர்வைசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவள் நாற்காலி மாறவில்லை.

பிறகு ஒரு விடிகாலையில் வேலைக்குப் போகும் வழியில், எண்ணெய் கொட்டிக் கிடந்த வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. ஆஸ்பத்திரி முடிந்து, கோத்தா திங்கியில் மாடியில்லாத அக்கா வீட்டில் நாலு மாதம் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு மாசாய்க்கு வந்தாள். சமதளத்தில் நடந்தாள். படியென்றால் கால் எழவில்லை. ஐந்து மாடி பிளாட்டுக்கு லிப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கத்தைப் பிடித்தவன் கீழ்வீட்டு மனோகரன். பின்னால் இருக்கும் முனியாண்டி கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்குப் போடுகிறவன், யாருக்கு என்றாலும் முதல் ஆளாகக் கை கொடுப்பவன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான்.

"அரிசி மூட்டை நாலு தூக்கிடுவேன்க்கா. நீங்க ஒரு ஆளு போதும் லா" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மனசுக்குள் ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இந்த வீட்டைவிட்டு இனி இறங்கினால் தன் காலில்தான் இறங்குவது. இன்னொரு தடவை யாரும் அவளை மூட்டையாகத் தூக்கப் போவதில்லை.

முடிவு செய்தது அவள், கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு, மாடி வெறிச்சென்று இருக்கும்போது, கதவைத் திறந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிப் பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படிக்குக் காலை நீட்டினால் தொடையிலிருந்து ஒரு நடுக்கம் புறப்படும். திரும்பிவிடுவாள். மகள் ரூபினியிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவள் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவள், கிழக்கு வெளுக்கும் முன்னே பஸ் பிடித்து, ஏழு மணிக்குமேல் ரொட்டியோடு வீடு திரும்புகிறவள். ஒரு நாள் கீழே போய்ப் பார்க்கலாமே அம்மா என்று அவள் கேட்டால், எனக்கு நேரம் எங்கே இருக்கிறது என்பாள் வெள்ளையம்மா.

நேரம் இல்லை என்பதும் முழுப் பொய் இல்லை. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை, அதைத் தாண்டி இங்கே சுங்கை என்று சொல்லும் ஒரு சிற்றாறு, அதன் கரையில் அலையாத்திக் காடு. சாக்கடைக்கு இந்தப் பக்கம் ஓர் அங்சானா மரம், அதன் அடியில் முனியாண்டி கோயில். இருபது வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அந்த ஜன்னலை அவள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் கண் எரியும், படுத்துவிடுவாள். இப்போது கண் சும்மா இருந்தது. பார்த்தே பழகின கண் எத்தனை நாள்தான் சும்மா இருக்கும்?

முதலில் நீர்நாய்களைக் கண்டாள். சாக்கடை வழியாக ஒன்பது வந்தன. நாய் என்று நினைத்தாள், பிறகு ஒன்று மீனோடு மேலே வந்தது. இரண்டாம் வாரம் ஒன்றுக்கு வால் நுனி இல்லை என்று கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் அதே கூட்டம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. உடும்பு ஒன்று கோயில் படியில் வெயில் காயும். மீன்கொத்தி ஒன்று துணிக் கம்பியில் உட்கார்ந்து சாக்கடையையே முறைக்கும். அம்மா வாயைத் திறந்தாலே நீர்நாய் என்று பார்த்த ரூபினி, வேலையிடத்தில் ஒருவர் கழித்துப்போட்ட நீள மூக்குக் கேமரா ஒன்றை வாங்கி வந்தாள்.

அந்தக் கேமராவோடு வெள்ளையம்மா போட்ட சண்டை ஒரு மாதம் நடந்தது. கண்ணாடி வழியாக எடுத்தால் படம் பால் ஊற்றின மாதிரி வந்தது. கண்ணாடித் தகடுகளை வரிசையாகச் செருகின நாக்கோ ஜன்னலில் இரண்டு தகட்டை உருவி எடுத்துவிட்டு, அந்தச் சந்தில் மூக்கை நீட்டினாள். கை ஆடியது. பச்சைப்பயறு இரண்டு கிலோவைத் துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் கேமராவைப் படுக்கவைத்தாள். அப்புறம் ஆடவில்லை. மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும் படம் ஒன்றில் அதன் அலகில் இருந்த மீனின் கண்ணே தெரிந்தது. ரூபினி அதைக் கடையில் கழுவிக்கொண்டு வந்தாள். வெள்ளையம்மா அதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த தன் சாமான் பெட்டியைக் கிளறி, மிச்சமிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, மீனின் கண்ணுக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். ஓரத்தில் நேரம் எழுதினாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். அப்படித்தான் அந்தச் சுவர் தொடங்கியது.

பொங்கல் கழிந்த வாரம் அந்த இரண்டு பறவைகள் வந்தன. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, சாண்நீள மஞ்சள் அலகு, அலகின்மேல் கொம்பு போல் இன்னொன்று. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். தமிழில் இருவாச்சி என்று ரூபினி கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். ஆணுக்குக் கொம்பின் முனை உடைந்திருந்தது. கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தவள், இது நம் லைனில் தேறாது என்று சொல்லி அதற்கு ரிஜெக்ட் என்று பெயர் வைத்தாள்.

ரிஜெக்டும் அதன் பெண்ணும் அங்சானா மரத்துப் பொந்தைச் சுற்றி நாலு நாள் வந்து போயின. ஐந்தாம் நாள் பெண் உள்ளே போனது. போய், உள்ளிருந்தபடியே வாசலை அடைக்கத் தொடங்கியது. மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து, அலகைக் கரண்டியாக வைத்துப் பூசியது. பூச மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தது ரிஜெக்ட். மூன்று நாளில் பொந்து மூடி, நடுவில் ஒரு விரல் அகலக் கீறல் மட்டும் மிஞ்சியது. அந்தக் கீறல் வழியாக ஆண் பழம் கொடுக்கும், பெண் வாங்கிக்கொள்ளும். குஞ்சு வளர்ந்து வெளியே வரும்வரை இப்படித்தான் என்று ரூபினி படித்துச் சொன்னாள்.

வெள்ளையம்மாவுக்கு அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. குதிரைப் பந்தயக் காலண்டரில், அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் ரிஜெக்ட் வந்த நேரத்தையெல்லாம் பொடி எண்ணில் எழுதினாள். அது ஒழுங்கான ஆள். காலை ஒன்பதே காலுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் நடுவில் ஒரு வருகை கட்டாயம் இருக்கும். வந்ததும் கிளையில் உட்கார்ந்து முதலில் இடது பக்கம் பார்க்கும், பிறகு அலகால் மரத்தை இரண்டு தட்டு தட்டும், பிறகுதான் கொடுக்கும். மழை கொட்டின நாளிலும் வந்தது. ஒரு நாள் பழம் இல்லாமல் ஒரு பல்லியோடு வந்தது.

இந்த நேரத்தில்தான் மனோகரனின் மனைவி மலர் ஐந்து மாடி ஏறி வந்தாள். கோயிலில் பொங்கல் வைத்திருந்தார்கள், ஒரு தட்டில் எடுத்து வந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. மணி ஒன்பதரை. வெள்ளையம்மா கேமராவில் கண் வைத்திருந்தாள். திரும்பவில்லை. வச்சிட்டுப் போம்மா, இப்ப என்னால திரும்ப முடியாது என்றாள். அது வெள்ளையம்மா செய்த தப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து மாடி ஏறி வந்தவளுக்கு ஒரு தண்ணீராவது கொடுத்திருக்க வேண்டும்.

தட்டை வைக்க இடம் தேடிய மலர் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கக் கோயில் மரம். வரிசை வரிசையாக ஒரே மரம், ஒரே பொந்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு, ஓரத்தில் ஏதோ எண்கள். சில படங்களில் முனியாண்டியின் சூலம். ஒரு படத்தில் கற்பூரத் தட்டோடு குனிந்து நிற்கும் அவள் புருஷன் மனோகரன். அவன் தலைக்கு நேர் மேலே ஒரு சிவப்பு அம்பு.

மலர் தட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரம் பார்த்து மனோகரனுக்கு வலது கால் வீங்கியது. அவர்கள் வாஷிங் மெஷின் ஒரே வாரத்தில் இரண்டு தடவை நின்றது. கோயிலைக் கூட்டப் போன மனோகரன், சூலத்தின் அடியில் குவியலாக ஏதேதோ விதைகளையும் ஒரு கறுப்பு வெள்ளை இறகையும் ஒரு பல்லி வாலையும் கண்டான். அண்ணாந்து பார்த்தான். முன்பு பொந்தாக இருந்த இடம் மண் பூசி மூடியிருந்தது, கண்ணை இறுக்கி மூடின மாதிரி. அவன் இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? பறவை தன் கதவைத் தானே பூசிக்கொள்ளும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மலர் சுவரில் கண்டதைச் சொன்னாள். இரண்டும் சேர்ந்ததும் கதை முடிந்துவிட்டது. வெள்ளையம்மா எதையோ மந்திரித்துப் பொந்தில் வைத்துப் பூசிவிட்டாள்.

கோத்தா திங்கியில் அய்யாவு என்று ஒரு பெரியவர். வைத்ததை எடுப்பவர் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பொந்தை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்து எரித்து, சாம்பலைக் கடலில் விடுவதாக ஏற்பாடு. காலண்டர்படி அது பெண் பறவை உள்ளே போன எழுபத்தாறாவது நாள்.

அந்த ஏற்பாடு வெள்ளையம்மாவுக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்குத்தான். எதிர்வீட்டு ஹபீபா கீழே நாசி லெமாக் சோற்றுக்கடை போடுகிறவள், கடையைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள். ரூபினிக்கு அன்றைக்கும் வேலை. ஹபீபா தன்னால் முடிந்த அளவு பேசிப் பார்த்தாளாம். அது குருவிக்கூடு என்றாளாம். எந்தக் குருவி கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் உள்ளே உட்காரும் என்று மலர் கேட்டாளாம். அதற்குமேல் ஹபீபா அங்கே நிற்கவில்லை, மாடி ஏறிவிட்டாள்.

"ஏணி வந்துருச்சுக்கா. கடப்பாறையும் வந்துருச்சு" என்றாள்.

முந்தின நாள்தான் கீறலில் இரண்டாவதாக ஒரு சின்ன அலகு தெரிந்தது. வெளிறின அலகு, நுனி மழுங்கல். அந்தக் குஞ்சுக்கு இன்னும் சிறகு முற்றவில்லை. கடப்பாறை பட்டால் தாயும் குஞ்சும் அங்கேயே முடிந்துவிடும். ரிஜெக்ட் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு உடைந்த பொந்தின்முன் நிற்கும். வெள்ளையம்மா நாக்கோ சந்தில் வாயை வைத்துக் கத்தினாள், தொடாதீங்க, தொடாதீங்க என்று. கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தீர்களா, வைத்தவளுக்கு வலிக்கிறது என்று யாரோ சொன்னது ஐந்து மாடிக்கும் கேட்டது.

அவள் ஜன்னலைவிட்டு விலகினாள். சுவரிலிருந்து படங்களை ஒவ்வொன்றாகக் கிழியாமல் எடுத்தாள், அவசரத்திலும் வரிசை மாறவில்லை. காலண்டரை ஆணியோடு பிடுங்கினாள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டினாள். ஹபீபா, ஆட்களைக் கூப்பிடவா, நாற்காலி இருக்கிறதே என்றாள். வெள்ளையம்மா செருப்பைத் தேடினாள். பதினான்கு மாதமாகத் தேவைப்படாத செருப்பு, கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

கதவைத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படிக்குக் காலை நீட்டியதும் தொடை நடுங்கத் தொடங்கியது. நின்றாள். கீழே எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. லைனில் புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள், போர்டு குவிந்த பெட்டியைப் பார்க்காதே, பயந்துவிடுவாய், கையில் இருக்கும் போர்டை மட்டும் பார் என்று. அதையே இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலடியில் இருந்த படியை மட்டும் பார்த்தாள். அதில் ஒரு மூலை உடைந்திருந்தது. கால் நடுங்கினபடியே நாலாவது படிக்கு இறங்கியது. நடுங்கினபடியே ஐந்தாவதுக்கும். நடுங்கினால் நடுங்கட்டும், இறங்குகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

மூன்றாவது மாடித் திருப்பம் வந்தது, நாற்காலியை இறக்கி வைத்த அதே இடம். ஹபீபா பின்னாலிருந்து கொஞ்சம் உட்காருங்களேன் என்று கெஞ்சினாள். உட்காரவில்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு என்று எண்ணிக்கொண்டே திரும்பினாள். எழுபத்திரண்டில் சிமெண்டுத் தரை வந்தது. முதுகெல்லாம் வேர்வை. வெயில் நேராக முகத்தில் அடித்தது. கூட்டம் தானாகவே பிளந்து வழிவிட்டது.

அய்யாவு ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தார். வெள்ளைத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு, பார்வையில் அதட்டல் இல்லை. ஏணியைப் பிடித்திருந்த மனோகரன் வெள்ளையம்மாவின் காலையே பார்த்தான். அவன் தூக்கி வைத்தவள் நடந்து வந்து நிற்கிறாள்.

"நீதானாம்மா அடைச்சது?" என்றார் பெரியவர்.

"படம் புடிச்சது நானுங்க, சாமி. அடைச்சவ உள்ள இருக்கா."

கோயில் திண்டில் படங்களைப் பரப்பினாள். தேதி வரிசையாக. முதல் படத்தில் திறந்த பொந்து, அலகில் மண்ணோடு ரிஜெக்ட், அம்பு அந்த மண்ணைக் காட்டியது. அடுத்ததில் பாதி மூடிய பொந்து, உள்ளிருந்து பூசும் அலகு, அம்பு அந்த அலகைக் காட்டியது. அடுத்ததில் கீறல். ஒவ்வொரு அம்பும் எதைக் காட்டுகிறது என்று தொழிற்சாலையில் சொல்கிற மாதிரி மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். மனோகரன் ஏணியை விட்டுவிட்டு வந்து குனிந்தான். மலர் மட்டும் தள்ளியே நின்றாள். இந்தக் காலத்தில் கைப்பேசியிலேயே யானையைப் பறக்க வைக்கிறார்கள், படத்தை எப்படி நம்புவது என்றாள். அது நியாயமான கேள்விதான். வெள்ளையம்மாவும் அவள் இடத்தில் இருந்தால் அதையே கேட்டிருப்பாள்.

காலண்டரை விரித்து அய்யாவின் கையில் கொடுத்தாள்.

"எழுபத்தஞ்சு நாளு பாருங்க. ஒரு நாளு தவறல. ஒன்பதே காலுக்கு மேல ஒன்பதே முக்காலுக்குள்ள ஆம்பளை வருவான். அந்தக் கிளையில உக்காந்து எடது பக்கம் பாப்பான், ரெண்டு தட்டு தட்டுவான். வரலைன்னா நீங்க ஒடைங்க. ஏணிய நானே புடிக்கிறேன்."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. சரி என்று ஏணியிலிருந்து காலை எடுத்தார்.

காத்திருந்தார்கள். ஒன்பதரை. ஒன்பது நாற்பது. ஒருவரும் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பதே முக்கால் ஆனது, கிளை காலியாகவே இருந்தது. மலர் பெருமூச்சு விட்டாள். கடப்பாறை வைத்திருந்தவன் அதை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான்.  மழையில் வந்தவன், ஏன் இன்றைக்கு வரவில்லை? வெள்ளையம்மா மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தன்னைச் சுற்றிப் பார்த்தாள். எழுபத்தைந்து நாளும் இல்லாதது இன்றைக்கு இங்கே என்ன இருக்கிறது? சட்டி நிறையச் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது, புகை நேராகப் பொந்துக்குப் போனது. முப்பது பேர் மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மாடி ஜன்னலில் அவள் ஒருத்தி மட்டும் இருந்ததால்தானே அவன் தினமும் வந்தான்.

இதை அவள் அய்யாவிடம் சொன்னாள். சாக்குச் சொல்கிறாள் என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. பெரியவர் செம்பிலிருந்த தண்ணீரைச் சாம்பிராணிச் சட்டியில் ஊற்றினார். எல்லோரையும் பிளாட்டின் நடைக்குள் போகச் சொன்னார், தானும் போய்த் தூணோரம் நின்றார். மோட்டார் சைக்கிள்கள் அடங்கின. மாசாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவ்வளவு அமைதியை யாரும் கேட்டதில்லை.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குச் சிறகுச் சத்தம் கேட்டது. எங்காங் பறந்தால் யாரோ பாயை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கொம்பு உடைந்த பறவை அலையாத்திக் காட்டுக்கு மேலாக வந்து, வெள்ளையம்மா காட்டிய அதே கிளையில் இறங்கியது. இடது பக்கம் பார்த்தது. மரத்தை இரண்டு தட்டு தட்டியது.

கீறலில் மஞ்சள் அலகு ஒன்று நீண்டது. ரிஜெக்ட் தொண்டையிலிருந்து ஒரு சிவப்புப் பழத்தை எடுத்துக் கொடுத்தது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மந்திரம் போட்டு எடுக்கிற மாதிரி காலி வாயிலிருந்து பழம் வந்துகொண்டே இருந்தது. மனோகரன் தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணினான். எட்டாவது பழத்துக்குத் தாயின் அலகு விலகியது, கீறலில் வெளிறின சின்ன அலகு ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. ரிஜெக்ட் அதன் வாயில் பழத்தை வைத்து அழுத்தியது.

"அலமாக்" என்று வியந்தாள் மலர் மெதுவாக. "உள்ள குடும்பமே இருக்கு."

பறவை போனபிறகும் கொஞ்ச நேரம் யாரும் நடையைவிட்டு வெளியே வரவில்லை. எழுபத்தாறு நாளாக அவளை அடைத்து வைத்திருக்கிறானா என்று ஒருத்தி கேட்டாள். அவளே அடைத்துக்கொண்டாள், சோறு மட்டும் வாசலுக்கு வருகிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று ஹபீபா சொன்னதும்தான் சிரிப்பு வெடித்தது. அய்யாவு மரத்தடிக்குப் போய், அறுக்கக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை அறுக்காமல் சூலத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டார். எனக்கு இங்கே எடுக்க ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏணியைக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு வெள்ளையம்மாவிடம் வந்து, குஞ்சின் அலகு தெரிகிற படம் ஒன்று கிடைக்குமா, வீட்டில் மாட்ட வேண்டும் என்று கேட்டார். முந்தின நாள் எடுத்தது இன்னும் கேமராவுக்குள்தான் இருந்தது. கழுவி, அம்பும் ஒட்டி அனுப்புவதாகச் சொன்னாள்.

மலர் திண்டில் கிடந்த படங்களில் ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். மனோகரன் கற்பூரத் தட்டோடு குனிந்து நிற்கும் படம்.

"இதுல எதுக்குக்கா அம்பு?"

"அவன் தலைக்கு மேல கூரையப் பாரு. வால் தெரியுதா? உம் புருஷன் கும்பிட்டுக்கிட்டு இருக்கான், ரிஜெக்ட் மேல உக்காந்து அவனப் பாத்துக்கிட்டு இருக்கு. இவருக்குப் பூசை தெரியுதான்னு செக் பண்ணுது."

மலர் உற்றுப் பார்த்தாள். தகரக் கூரையின் விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வால் தொங்கியது. படத்தைத் திருப்பித் தரவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்னிக்கு ஒனக்கு ஒரு தண்ணி கூடக் குடுக்கல மலரு என்றாள் வெள்ளையம்மா. மலர் வீட்டுக்குள் போய் ஒரு குவளைத் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். வீங்கின கால் எதனால் என்று கேட்டதற்கு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதாக மனோகரன் அப்போதுதான் ஒத்துக்கொண்டான். வாஷிங் மெஷினைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு அவன் அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். நாலு பேரையும் கூப்பிட்டுவிட்டான். உட்காருங்கக்கா, மேலே கொண்டுபோய் விடுகிறோம், இந்தத் தடவை மூட்டை என்று சொல்ல மாட்டேன் என்றான்.

"நாற்காலிய வச்சிட்டுப் போ. தூக்க வேணாம், உக்காரத்தான் வேணும்."

நாள் முழுக்க அவள் அந்த நடையிலேயே தூணோரம் உட்கார்ந்திருந்தாள். பொந்தைக் கீழிருந்து பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. ரிஜெக்ட் கிளம்பும்போது வயிற்று வெள்ளை முழுக்கத் தெரிந்தது, ஜன்னலிலிருந்து அது ஒரு நாளும் கிடைத்ததில்லை. மதியம் ஹபீபா நாசி லெமாக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது வந்து கேமராவின் பின்னால் கண் வைத்துப் பார்த்தார்கள். கேமராவைத் தொடாதே, பயற்றுப்பையை மட்டும் பிடி என்று எல்லோரையும் அதட்டினாள். பயற்றுப்பையையும் அதற்குள் யாரோ மேலேயிருந்து எடுத்து வந்திருந்தார்கள்.

ஏழே முக்காலுக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ரூபினி பழக்கத்தில் ஐந்தாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். விளக்கு இல்லை. ஓட்டமும் நடையுமாக வந்தவள் நடையில் நாற்காலியைக் கண்டு நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு ஏழு தடவ வந்தான்" என்றாள் வெள்ளையம்மா. "ரொட்டி வாங்கிட்டியா?"

பஸ் தாமதம், கடைக்குப் போகவில்லை என்று ரூபினி அழுதுகொண்டே சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளையம்மா கேமராவை ஹபீபாவின் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். இடது காலை ஒரு தடவை உதறிக்கொண்டாள்.

"ஒன்னும் இல்ல, வா. கடை எத்தனை மணிக்குச் சாத்துவான்? நானே வாங்கிக்கிறேன்."

ரூபினி கையை நீட்டினாள். வெள்ளையம்மா அதைப் பிடிக்கவில்லை, படங்கள் இருந்த பையை மட்டும் அவளிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் புகுந்து, சாலையைப் பார்த்து நடந்தார்கள்.